மச்சானின் கம்பிக் கிளிப்

மச்சான்,

உமது வெள்ளைச் சேட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. தங்கச்சிதான் எடுத்துத் தந்தாள். இன்று பூசைக்குப் போகையில் அதை உதறிப் போட்டேன். இரண்டு தோளிலும் துருப்பிடித்த கறள் அடையாளம். சவர்க்காரம் போட்டும் தேசிக்காய் தேய்த்தும் போகாத கறள். நீர் முதன்முதலில் வளைத்த கட்டுக்கம்பியின் வேலை அது. எனக்குப் பின்னால் முழந்தாளில் நின்ற சனமெல்லாம் இந்த ஐயாவின் தோளில் என்ன ஊத்தை என்றுதான் பார்த்திருக்கும். செபத்தின் நடுவிலேயே எனக்கு உம்மில் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தும் அது அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓம், நானேதான் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதித் தரவில்லை. இந்தக் கிழட்டு விரல் ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது, ஆனாலும் போட்டுவிடுகிறது. பாரிசவாதம் வந்த கைக்குப் பயிற்சி வேண்டும், கொப்பியில் எழுதுங்கள் என்று டொக்டர் தங்கச்சிக்குச் சொல்லியிருந்தார் அல்லவா. நீர் போன பிறகு அவள் கொப்பியைத் தொடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கும் ஒன்று சொல்லித் தா என்றேன். அவள் கோணலாக ஒரு 'அ' போட்டாள். நான் அதைவிடக் கோணலாகப் போட்டேன். நீர் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது நான் பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை வாசித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். காலம் முழுக்க ஏறிய அதே பஸ்தான், இருந்தாலும் வாசிக்கிறேன். மருந்துப் போத்தல், மாப் பை, மதிலில் ஒட்டிய மரண அறிவித்தல், ஒன்றையும் விடுவதில்லை. எல்லாம் என்னோடு பேசுகிறது மச்சான். இவ்வளவு சத்தமான ஊரில் இத்தனை காலம் செவிடனாக இருந்திருக்கிறேன்.

என் முதல் கோபமே அதில்தான். எத்தனை வருடம் எனக்குப் பேப்பர் வாசித்தீர். வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பிரசங்கம் வைக்கிற சுவாமி மாதிரி. ஒருநாள் கேட்டேன், நினைவிருக்கிறதா?

"மச்சான், எனக்கும் எழுத்தைக் காட்டித் தாருமன்."

"ஏன், என்ர வாசிப்புக்கு என்ன குறை?"

"குறை எண்டு சொல்லேல்லை."

"பிறகென்ன? நான் இருக்கிறன்தானே."

நான் இருக்கிறன்தானே! எங்கே இருக்கிறீர் இப்போது?

சரி. கம்பிக்கு வருகிறேன்.

தங்கச்சியின் வலக்கை விழுந்த பிறகு அவள் சமைக்கப் பழகினாள், கூட்டப் பழகினாள், இடக்கையால் தோய்த்துப் பிழியவும் பழகினாள். உடுப்புக் காயப் போடத்தான் அவளால் முடியவில்லை. கடைக் கிளிப்பை அமத்தித் திறக்க வேண்டும், அதோடு துணியையும் பிடிக்க வேண்டும். ஒரு கை எதைச் செய்யும்? எங்கள் கரம்பொன்னில் சோளகக் காற்று எழும்பினால் கிளிப் போடாத துணி ஒரு நிமிடமும் கொடியில் நிற்காது. உமது சாரம் அடுத்த வளவைத் தாண்டிப் போய் முள்ளில் கிடந்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னபோது தங்கச்சி என்மேல் பாய்ந்தாள்.

"ஏன் அண்ணை, என்ர உள்ளுடுப்பை ஊருக்குக் கண்காட்சி வைக்கவோ?"

உயிர்த்த ஞாயிறுக்கு உங்கள் மகள் ரஜனி வத்தளையிலிருந்து வந்தாள். வந்த அன்றே தாயின் சட்டைகள் மண்ணில் புரண்டு கிடந்ததைக் கண்டாள். அவள் நல்ல பிள்ளை, கத்தவில்லை. பொறுக்கியெடுத்துத் திரும்பத் தோய்த்துவிட்டு வந்து குசினி வாசலில் நின்று சொன்னாள். "அப்பா, ஒரு உடுப்புக் காயப் போட ஏலாத ஆளை நான் எப்பிடி இஞ்ச விட்டிட்டுப் போறது? நீங்களும் விழுந்தா ஆர் பாக்கிறது? ரெண்டு பேரும் என்னோட வாங்கோ."

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவள் சுமந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற அந்தச் சுவருக்குள் முதலில் கால் வைத்தவளும் அவள்தான். நீர்தான் பேசினீர்.

"கோயில் பெருநாளுக்கு வா பிள்ளை. அம்மா தன்ர உடுப்பைத் தானே காயப் போட்டுத் தானே எடுப்பா. நான் செய்து காட்டிறன்."

அன்றைக்குத் தொடங்கியது உமது விசர். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, கொண்டைக்குக் குத்துகிற ஊசி மாதிரி ஒன்று செய்தீர். கொடிக்கு மேலால் தள்ளிவிட்டால் போதும், ஒரு கை காணும் என்றீர். யோசனை நல்லதுதான், ஆனால் கட்டுக்கம்பி மெத்தென்றது. கொடி கட்டியிருந்த நைலோன் கயிற்றில் இரண்டாம் முறை தள்ளும்போதே வாயைப் பிளந்துவிட்டது. பிளந்தது காணாதென்று உமது சேட்டில் கறளும் பிடித்தது.

பிறகு சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஆரைக்கம்பிகளை அள்ளிக்கொண்டு வந்தீர். அது சரியான கம்பி, மச்சான். அதில் நான் குறை சொல்லமாட்டேன். கறள் பிடிக்காது, வளைத்தால் துள்ளும், செலவும் இல்லை. நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி வளையம் போட்டு, இரண்டு காலையும் ஒன்றோடொன்று நெருக்கி, நுனியை வெளியே விரித்து விட்டீர். கொடியில் வைத்துத் தள்ளினால் வாய் தானாக விரிந்து துணியைக் கவ்வியது. அதைப் பார்த்து நானே கைதட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். நீர் விடவில்லை. சோளகத்துக்குக் கழன்றுவிடும் என்று சொல்லி, காலின் உள்பக்கத்தில் அரத்தால் கீறித் தூண்டிலுக்குப் போல முள் எழுப்பினீர்.

எங்கள் புத்தி அது. அனலைதீவுக்கு அங்கால் வலை போட்ட காலத்திலிருந்து, பிடித்ததைத் தப்பவிடாமல் வைத்திருப்பதுதானே எங்களுக்குத் தெரிந்த ஒரே கெட்டித்தனம்.

அந்த முள் வைத்த கிளிப்பைத் தங்கச்சியின் கையில் கொடுத்தீர். அவள் இடக்கையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தன் சீத்தைத் துணிச் சட்டைகளைக் கொடியில் மாட்டினாள். காற்று அடித்தது. ஒன்றும் அசையவில்லை. நீர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிற்பை ஆராவது படம் எடுத்திருக்க வேண்டும். பின்னேரம் அவள் எடுக்கப் போனாள். இழுத்தாள், திருகினாள், தொங்கியும் பார்த்தாள். கடைசியில் சட்டைக்கை கிழிந்து அவளோடு வந்தது. கிளிப் கொடியிலேயே நின்றது.

"இஞ்சேருங்கோ," என்று உம்மைக் கூப்பிட்டாள். "இது சட்டை. சுறா இல்லை. தப்பி ஓடாது."

"சோளகத்துக்கு ஓடும்."

"மாட்டினது சரி, எடுக்கிறது ஆர்? காய்ஞ்ச பிறகு எனக்கு வேணும்தானே?"

முள்ளை அரத்தால் எடுத்துவிடும் என்று நானும் சொன்னேன். "முள்ளை எடுத்தா அது தூண்டிலே இல்லை" என்று என்மேல் விழுந்தீர்.

"ஆர் உம்மட்ட தூண்டில் கேட்டது?" என்றேன்.

"பொத்தும் வாயை. உமக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு கிழமைக்கணக்காக அந்தப் பூவரச மரத்தின் கீழ் குறடும் கையுமாகக் குந்தியிருந்தீர். நெஞ்சில் அடிக்கடி தைலம் பூசினீர். என்னடாப்பா மணக்குது என்று கேட்டால், கம்பி இழுத்து இழுத்துத் தசை பிடித்துவிட்டது என்றீர். தங்கச்சிக்கும் அதையே சொன்னீர். பூவரசின் கீழேயே ஒருநாள் மத்தியானம் சரிந்தீர். ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களைப் பார்த்து, இந்த நோவு மாதக்கணக்காக இருந்திருக்குமே, ஒருவருக்கும் தெரியாதா என்று கேட்டார். நான் என்ன சொல்ல? கம்பியில் பழியைப் போட்டுவிட்டார் ஐயா என்று சொல்லவா?

யார் உம்மிடம் கேட்டது அந்தக் கிளிப்பை? அவளுக்குக் கிளிப் இல்லாமல் வாழ முடியும், மச்சான். கட்டிலில் போட்டுக் காய வைத்திருப்பாள். நீர் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், இன்றைக்கும் அந்த முள்ளை எடுக்கமாட்டேன் என்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பீர். அவளை மகள் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவ்வளவு பயந்த நீர், அவளைத் தனியே விட்டுவிட்டு முதல் ஆளாகப் போனீர். செத்த வீட்டில் உம்முடைய முகத்தைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் அழுகை என்று நினைத்தார்கள். அது ஆத்திரம்.

அடக்கம் முடிந்ததும் ரஜனி திரும்பவும் அதே வாசலில் நின்றாள். இந்த முறை அவளுடைய கதையில் நியாயம் இன்னும் கூடியிருந்தது. "மாமா, நீங்களே சொல்லுங்கோ. அம்மா தனிய இஞ்ச என்னெண்டு இருக்கிறது?"

தங்கச்சி சொன்னாள்: "எனக்கு ஏலும்."

"என்னம்மா ஏலும்? உடுப்புக்கூட..."

"அண்ணை செய்து தருவார்."

பள்ளிக்கூட விடுதலைக்குப் பிள்ளைகளோடு வருவேன், அதுவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு ரஜனி போனாள்.

உமது குறட்டை எடுத்தேன். கையில் எடுத்ததும் உம்மை ஏசினேன், ஏசியபடியே வளைத்தேன். முள்ளை முழுக்க அராவி எறிந்தேன். முள் இல்லாவிட்டால் காற்றுக்கு நிற்கவில்லை, அது உண்மை. பிறகு காலின் நடுவில் இரண்டு கம்பியையும் நெருக்கி ஓர் இடுப்பு வைத்தேன். கொடிக்கயிறு அந்த இடுப்பைத் தாண்டி மேலே போய் இருந்துகொள்ளும். காற்று உலுப்பினால் இடுப்பு தடுக்கும், கையால் தூக்கினால் வழுக்கிக்கொண்டு விடும். மேல் வளையம்தான் சிக்கல். நீர் அதை அழகுக்குச் சின்னதாகச் சுற்றியிருந்தீர். தங்கச்சி தன் வலக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சுட்டுவிரல் கொக்கி மாதிரி மடிந்தபடியே நின்றது, நிமிராது. "அண்ணை, இது போற அளவுக்குப் போடுங்கோ" என்றாள். போட்டேன். மடிந்த விரல் வளையத்துக்குள் போனது. தோளால் தூக்கினாள், கிளிப் வந்தது. செத்துக் கிடந்த கை என்று நாங்கள் எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்த கையால் எடுத்தாள், மச்சான். இடக்கையில் துணி, வலக்கையில் கிளிப். அதை நீர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததற்கும் எனக்கு உம்மில் கோபம்.

ரஜனி வந்தபோது நல்ல சோளகம். தங்கச்சி கொடி நிறையப் போட்டாள், படுக்கைவிரிப்பு உட்பட. காற்றில் அவை வள்ளத்துப் பாய் மாதிரி உப்பி நின்றன. பின்னேரம் ஒவ்வொன்றாக எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, மகளைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். ரஜனி வாசலில் நின்று முழுவதையும் பார்த்தாள். "இனி நான் என்னத்தைச் சொல்ல, மாமா?" என்றாள். சொல்லும்போது முகம் வாடிப் போயிருந்தது. வெல்ல வந்த பிள்ளையில்லை அது. தாயைப் பக்கத்தில் வைத்திருக்க ஆசைப்பட்ட பிள்ளை.

தங்கச்சியும் அந்த முகத்தைக் கண்டிருக்க வேண்டும். அவர்கள் புறப்படுகிற அன்று காலை, அவள் தன் பையையும் கட்டிக் கதிரையில் வைத்திருந்தாள்.

"பேரப்பிள்ளையளோட கொஞ்ச நாள் நிண்டிட்டு வாறன்."

நான் திடுக்கிட்டேன். "ஏலாது எண்டு நிண்டனீ. இப்ப என்ன?"

"இழுத்துக்கொண்டு போனா வரமாட்டன் எண்டனான். இது நானாப் போறன். வேணுமெண்டால் நானா வருவன்."

வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டு பஸ் ஏறினாள். கிளிப்புகளில் கைநிறைய அள்ளிப் பைக்குள் போட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை.

நேற்று வத்தளையிலிருந்து போன் எடுத்தாள். அங்கே மாடியில் கயிறு இல்லையாம், மெல்லிசுக் கம்பியில்தான் கொடியாம். எங்கள் கிளிப் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். "இடுப்பைக் கொஞ்சம் இறுக்கி வேற செய்து வையுங்கோ அண்ணை. பெருநாளுக்கு வந்து எடுக்கிறன்" என்றாள்.

பூசையால் வந்து தேத்தண்ணி குடித்ததிலிருந்து பூவரசின் கீழ் இருக்கிறேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு, மச்சான்? கூட இறுக்கினால் அவள் விரலுக்கு வராது. குறைத்தால் நிற்காது. இதில் நீர் ஓர் அளவு சொல்லியிருப்பீர், அது பிழையாக இருந்திருக்கும். நான் வேறு அளவு சொல்லியிருப்பேன், அதுவும் பிழைதான். இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் நடுவில் எங்கேயாவது சரியானதைக் கண்டுபிடிப்போம். இன்றைக்குக் குறட்டைப் பிடித்துக்கொண்டு என் அளவை நான் சொன்னேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், "பொத்தும் வாயை, உமக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும்?" என்று உமது பக்கத்தையும் நானே கத்தினேன். பிறகுதான் கம்பி வளைந்தது.