ஐந்தாம் படிக் கல்

என்னைத் திட்ட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன தனம் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காவேரியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே நம் படித்துறையில் பெண்கள் பழையபடி இறங்கிக் குளிக்கிறார்கள்.

உன் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மரண விசாரணை ரிப்போர்ட் எழுதியவன் நான்தான். கிராம முன்சீப் நான் இருக்க வேறு யார் எழுதுவார்? 'கால் தவறி ஆற்றில் விழுந்து' என்று எழுதினேன். பஞ்சாயத்தார் ஜலகண்டம், தண்ணீரில்தான் சாவு என்பது உன் விதி என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள்.

அப்புறம் உன் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் ஜலகண்டமே இல்லை. அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "பொறந்த நேரத்தைத் தப்பாக் குறிச்சுட்டாங்க." எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

போன வாரம் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன். உனக்கு முன்னால் அதே துறையில் மூன்று பேர். மூன்றிலும் என் கையெழுத்து, அதே வாக்கியம். பெயர், வயது, ஜாதி எல்லாம் இருக்கிறது. எந்தப் படியில் என்று ஒரு வரி கிடையாது.

உங்களையெல்லாம் கரைக்கு எடுத்துவந்த பரிசல்காரர் சின்னப்பனைத் துறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாலு பேரையும் ஒரே எடத்துலதாங்க எடுத்தேன். அஞ்சாம் படிக் கல்லு பேந்து போச்சு. கீழ ஆளு முழுகுற பள்ளம். கோடையிலயும் தண்ணி நிக்கும், கண்ணுக்குத் தெரியாதுங்க."

"ஏன்யா சொல்லலை?"

"யாருங்க கேட்டீங்க?"

அந்த மனுஷரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், அக்கா. பிறகு படியிலேயே உட்கார்ந்து அழுதேன். முதல் ஆள் செத்த அன்றைக்கே கேட்டிருந்தால் நீ இருந்திருப்பாய், இல்லையா?

அந்த இடத்தில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டினேன். பதினெட்டாம் பெருக்கு வரும் நேரத்தில் அபசகுனம் என்று யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். திரும்ப நட்டிருக்கிறேன். கல் பதிக்கத் தண்ணீர் வடிய வேண்டுமாம். அதுவரை தினமும் காலையில் நானே போய் நிற்கிறேன்.

உன் மகள் செல்லம் இன்னும் அம்மாவின் கண்டம் என்றுதான் நம்புகிறாள். தனக்கும் அது உண்டு என்று பயந்து சாகிறாள். நாளைக்கு அவளைத் துறைக்குக் கூட்டிப்போய் அந்தப் படியைக் காட்டுவேன். மூன்று பேர் செத்தும் கேட்காமல் இருந்தவன் உன் மாமன்தான் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆனாலும் சொல்லுவேன், அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
கோவிந்தசாமி