நீ எழுந்து நின்ற வகுப்பு

நேற்று மாலை வகுப்பறைக் கதவைத் திறந்தபோது மண்டரின் தோடம்பழத் தோல் வாசம் அடித்தது. யாரோ ஒரு பிள்ளை தோடம்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலை ஹீட்டரின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. துப்புரவு செய்பவர் பார்த்தால் திட்டுவார். நான் எடுத்துப் போடவில்லை. கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு, அது சுருண்டு காய்வதைப் பார்த்தபடி உன்னை நினைத்தேன். நீ போன பிறகு வருகிற இரண்டாவது பனிக்காலம் இது.

சற்று நேரத்தில் அதே அறையில், அடுத்த ஆண்டு இந்தக் கிம்னாசியத்தில், நீயும் நானும் படித்த இதே மேல்நிலைப் பள்ளியில், சேரப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான கூட்டம். இங்கே படிக்க வந்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு பங்காகச் சொல்ல வேண்டும். அதிபர் பாடங்களைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் பரீட்சைகளைப் பற்றிச் சொன்னார். எனக்குத் தந்தது, வகுப்பில் நாள்தோறும் எப்படி இருக்கும் என்பது. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "நீங்கள் நன்றாகக் கதைப்பீர்களே" என்றார்கள். நான் நன்றாகக் கதைப்பேனாம். இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்க நீ இல்லாமல் போனாயே என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

எங்களுக்கு யாரும் இப்படிக் கூட்டம் வைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் அப்பாமாருக்கு விளங்கியிருக்காது. எண்பதுகளின் பின்பாதியில் ஒரு சித்திரை மாதம் இங்கே சேர்ந்தோம். சுவிஸுக்கு வந்து சில வருஷங்கள்தான். ஜேர்மன் மொழியை ஒருமாதிரிப் பிடித்து, நுழைவுப் பரீட்சையிலும் தப்பிப் பிழைத்து வந்திருந்தோம். நான் இந்தத் துன் நகரிலேயே இருந்தேன், நடந்து வருவேன். நீ இன்டர்லாக்கனில் இருந்து ஏரிக்கரையோரம் ரயிலில் வருவாய். உன் அப்பா அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. உன் கோட்டு அந்தக் குசினிப் பக்கம் தொங்கித் தொங்கி, எந்த நேரமும் பொரித்த எண்ணெய் மணக்கும். அதற்காகத்தான் நீ ஹீட்டரில் தோடம்பழத் தோலைப் போட்டு, கோட்டை அதன் மேல் பிடிப்பாய். அதில் உனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. "இப்ப சரி புள்ள, சாப்பாடு முடிஞ்சு டெசேர்ட் வந்திட்டுது" என்று உன் மட்டக்களப்புத் தமிழில் சொல்லி என்னிடம் கண்ணடிப்பாய்.

முதல் நாள் சரித்திர ஆசிரியர் உள்ளே வந்ததும், பழக்கதோஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். வகுப்பில் வேறு ஒருவரும் அசையவில்லை. நான் சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாங்கில் இருந்துவிட்டேன். நீ இருக்கவில்லை. அவர் உன்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார். "இல்லை, உங்களுக்கு வணக்கம் சொல்கிறேன்" என்றாய், அரைகுறை ஜேர்மனில். வகுப்பு சிரித்தது. எல்லோருக்கும் மேலால் நீ சிரித்தாய். அன்று மட்டுமா? மறுநாளும் எழும்பினாய், அதற்கு அடுத்த நாளும் எழும்பினாய். ஏன் மானத்தை வாங்குகிறாய் என்று நான் கேட்டபோது, "எழும்புறது என்ட மரியாதை, இருக்கிறது அவங்கட மரியாதை. ஆருக்கு என்ன நட்டம் கா?" என்றாய்.

அன்று சிரிப்பில் நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று. அந்த மனிதர் உன்னை "நீங்கள்" என்றார். இங்கே மேல்வகுப்புக்கு வந்துவிட்டால் ஆசிரியர் மாணவரை அப்படித்தான் அழைப்பார். பிரம்பும் குட்டும் வாங்கி வளர்ந்த எங்களுக்கு, நரைத்த தலை ஒன்று எங்களை நீங்கள் என்பது உடம்பைக் கூச வைத்தது. நான் அதை வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அப்பாவுக்கு வேறு கவலைகள் இருந்தன. டொக்டராக வரப்போகிறவளுக்கு ஏன் படம் கீறுகிற பாடமும் பாட்டுப் பாடமும் என்று அவருக்கு விளங்கவே இல்லை. முதற் கணக்குப் பரீட்சைத் தாளில் ஐந்து என்று போட்டிருந்ததைப் பார்த்து, "நூற்றுக்கு அஞ்சோ? இதுக்கோ நான் இஞ்ச லோண்டரியிலை நிண்டு சாகிறன்?" என்று கத்தினார். இங்கே ஆறுதான் உச்சம், நாலு எடுத்தால் தப்பலாம் என்று நான் சொல்லச் சொல்ல, சமாளிக்கிறேன் என்றே நினைத்தார்.

இலையுதிர் காலத்தில் புள்ளி அறிக்கை வந்தது. அதில் எங்கள் இருவருக்கும் ஒரே சொல் எழுதியிருந்தது: தற்காலிகம். பனிக்காலம் முடிவதற்குள் புள்ளிகளைத் திருத்தாவிட்டால் பள்ளியை விட்டுப் போக வேண்டும். அகதி விண்ணப்பத்துக்கும் அப்போது பதில் வராத காலம். "நாட்டிலயும் தற்காலிகம், பள்ளிக்கூடத்திலயும் தற்காலிகம்" என்று நீ பகிடி விட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போனால் அப்பா வேலை செய்த லோண்டரியில் எனக்கு ஓர் இடம் தயாராக இருந்தது. உனக்கு ஹோட்டல் குசினி. விண்ணப்பம் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தொழில் பழக இடம் தர அப்போது ஒருவரும் லேசில் முன்வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருவரும் நேர் எதிரான காரணங்களுக்காக மாட்டியிருந்தோம். உனக்கு எழுத்தில் புள்ளி இல்லை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் உனக்குப் பொறுமை போய்விடும். எனக்கு எழுத்தில் குறை இல்லை, வாய்மொழிப் புள்ளி அதலபாதாளத்தில் கிடந்தது. சரித்திர ஆசிரியர்தான் வகுப்புக்கும் பொறுப்பு. என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் வகுப்பில் இல்லவே இல்லை" என்றார். நான் பதறிப்போய், ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை ஐயா என்றேன். "வருகிறீர்கள். ஆனால் உங்கள் குரலை நான் கேட்டதே இல்லை" என்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி அடக்கமான பிள்ளை என்று எழுதித் தருவார்கள். அம்மா அதைக் காட்டித் திரிவா. அதே அடக்கம்தான் இங்கே எனக்குக் குழி பறித்தது.

அவர் என் சரித்திரத் தாளையும் எடுத்து வைத்தார். புத்தகத்தில் உள்ளது வரிக்கு வரி அப்படியே இருக்கிறதே, பார்த்து எழுதினீர்களா என்று கேட்டார். எனக்கு வந்த ரோஷத்தில், எழுந்து நின்று அந்த அத்தியாயத்தைத் தொடக்கத்தில் இருந்து பாடமாக ஒப்புவித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அபாரம்" என்றார். பிறகு, "இதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டார். புத்தகத்தில் போட்டிருப்பதை நம்புவதா இல்லையா என்று என் வாழ்நாளில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் துன் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் உன்னிடம் சொல்லி அழுதேன். நீ மண்டரின் உரித்துக்கொண்டே கேட்டாய். பாதியை என் கையில் வைத்து, "இவ்வளவுதானா? உனக்கு வாய் இல்ல, எனக்குக் கை இல்ல. ரெண்டையும் மாத்திக்குவம்" என்றாய்.

அந்தப் பனிக்காலம் முழுக்க, பள்ளி விட்டதும் காத்திருப்பு அறைதான் எங்களுக்கு வகுப்பு. நான் உனக்குத் தலைப்புத் தருவேன். நீ எழுதி முடிக்காமல் உன்னை ரயில் ஏற விடமாட்டேன். நீ என்னைக் கதைக்கப் பழக்கிய விதம்தான் கொடுமை. வேண்டுமென்றே அபாண்டமாக ஒன்றைச் சொல்வாய். நான் அதை ஜேர்மனில், காரணம் காட்டி மறுக்க வேண்டும். மட்டக்களப்புத் தயிருக்கு முன்னால் யாழ்ப்பாணத்து மாம்பழம் எந்த மூலைக்கு என்பாய். அதற்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், "யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கதைக்கத் தெரியாது, புத்திமதி சொல்லத்தான் தெரியும்" என்று அடுத்ததை எடுத்து விடுவாய். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மாம்பழத்துக்காக ஜேர்மனில் சண்டைக்குப் போனேன், பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் கால் மாறிக் கிடக்க. பக்கத்து வாங்கில் பின்னிக்கொண்டிருந்த வயதான அம்மா ஊசியை நிறுத்திவிட்டு, "நான் இந்தப் பெண்ணின் பக்கம்" என்று என்னைக் காட்டினா. உனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பார்த்தியா? எவ்வளவு பிழை விட்டாய், அந்த மனிசிக்கு விளங்கித்தானே இருக்கு. தலை போகாது கா, கதை" என்றாய். பிறகு எதற்கெடுத்தாலும் அந்த வசனம்தான். வகுப்பில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், முன்வரிசையில் இருந்து திரும்பி, சத்தமில்லாமல் உதட்டால் சொல்வாய்.

அந்தப் பனிக்காலத்தின் கடைசிச் சரித்திர வகுப்பு உனக்கு நினைவிருக்குமா என்று நான் கேட்க வேண்டியதில்லை. போகிற இடமெல்லாம் அதை நீதான் சொல்லித் திரிந்தாய். புள்ளிகளை முடித்துப் பதிவதற்கு முந்திய வகுப்பு அது. நீ எழுத்துப் பரீட்சையில் மயிரிழையில் தேறியிருந்தாய். எனக்கு இன்னும் இழுபறி. பாடம் மக்களாட்சி. உலகத்திலேயே பழைய மக்களாட்சி சுவிஸ் என்று புத்தகத்தில் போட்டிருந்ததை ஒரு பெண் வாசித்தாள். ஆசிரியர் வழக்கம்போல, "இதை நம்புகிறீர்களா?" என்றார்.  நீ திரும்பவில்லை. உன் பிடரிதான் தெரிந்தது. என் கை தானாக மேலே போனது.

"நான் நம்பவில்லை" என்றேன். "என் அம்மா கல்யாணத்துக்கு முன்னமே எங்கள் ஊரில் வாக்குப் போட்டிருக்கிறா. அந்த நாளில் இந்த வகுப்பில் இருக்கிற ஒருவருடைய அம்மாவுக்கும் நாட்டுத் தேர்தலில் வாக்கு இல்லை. இங்கே பெண்களுக்கு வாக்கு கிடைத்தது எழுபத்தொன்றில்தானே. பாதிப் பேருக்கு வாக்கு இல்லாத காலத்தையும் சேர்த்து எப்படி எண்ணுகிறீர்கள்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலோரம் இருந்த பையன் ஒருவன் முகம் சிவந்துபோய், "அவ்வளவு நல்ல மக்களாட்சி என்றால் நீங்கள் ஏன் இங்கே ஓடி வந்தீர்கள்?" என்று கேட்டான். குரூரமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டான். பழைய நானாக இருந்தால் அதோடு அடங்கியிருப்பேன். ஆனால் அதைவிட அநியாயமான கேள்விகளை உன் வாயால் எவ்வளவு கேட்டுவிட்டேன்.

"வாக்கு மட்டும் போதாது என்பதால்தான்" என்றேன். "எங்களிடமும் வாக்கு இருந்தது. சிங்களவர் தொகை கூட, நாங்கள் குறைய. ஒவ்வொரு முறையும் கையை எண்ணினார்கள், நாங்கள் என்ன சொல்கிறோம் என்று கேட்கவில்லை. இங்கே இப்போது உங்கள் எல்லோருக்கும் எதிராக நான் ஒருத்தி சொல்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதை மக்களாட்சி என்றால் நான் நம்புவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது. முதல் நாள் வெட்கப்பட்டு வாங்கில் இருந்துவிட்டவள், அன்று ஒருவரும் சொல்லாமல் நின்றிருக்கிறேன். முன்வரிசையில் நீயும் எழுந்து என் பக்கம் திரும்பி நின்றாய். ஆசிரியர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம், "உங்கள் பதில் என்ன?" என்று கேட்டார். மணி அடித்த பிறகும் விவாதம் ஓயவில்லை. நடைவழியில் அவன் என்னைத் தேடி வந்து, தன் அம்மாவிடம் வாக்கைப் பற்றி இன்றைக்குக் கேட்கப்போவதாகச் சொன்னான். அறிக்கை வந்தபோது, தற்காலிகம் என்ற சொல் இருவருடையதிலும் இல்லை. நீ காத்திருப்பு அறையில் என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாய். பின்னல்கார அம்மாவுக்கு முழு மண்டரின் ஒன்று கொடுத்தோம்.

பிறகு என்ன, பள்ளியின் இறுதிப் பரீட்சையான மத்தூரா வரைக்கும் நாங்கள்தான் அந்த வகுப்பின் பெரிய வாய்கள். கடைசிச் சரித்திர வகுப்புக்கு அவர் உள்ளே வந்தபோது, நீ வழக்கம்போல எழும்பினாய். அந்த ஜன்னலோரப் பையனும் எழும்பினான். பிறகு வகுப்பே எழும்பியது, கதிரைகள் எல்லாம் உரசுகிற சத்தத்தோடு. அவர் கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை வருஷமும் நீ ஒற்றை ஆளாய்ச் செய்ததை அன்று முழு வகுப்பும் செய்தது. 

நான் டொக்டராகவில்லை, கணக்குப் படிப்பிக்கப் போனேன். அப்பா கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நீ சட்டம் படித்து, தொழிற்சங்கத்தில் சேர்ந்து, ஹோட்டல் முதலாளிமாருக்கு எதிரே இருந்து குசினிக்காரருக்காகக் கதைத்தாய். உன் கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரியில் கூட, டொக்டர் சொன்னதை மறுத்து மூன்று காரணம் சொன்னதாக உன் மகன் சொன்னான். அந்த விவாதத்தில் நீ தோற்றதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.

நேற்றுக் கூட்டத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இங்கே உங்களை நீங்கள் என்பார்கள், படம் கீறவும் பாடவும் வேண்டும், சும்மா இருந்தால் புள்ளி இல்லை என்று சொன்னேன். ஆசிரியர் உள்ளே வரும்போது இங்கே யாரும் எழும்ப வேண்டியதில்லை என்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, பதினைந்து வயது இருக்கும், கை உயர்த்தினாள். தாய் அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் கண்டேன். ஆனாலும் அவள் கேட்டாள்: "எனக்கு எழும்ப விருப்பம் என்றால்?"

 தோடம்பழத் தோல் பின்னால் மணத்துக்கொண்டிருந்தது. "எழும்புங்கள்" என்றேன். "அது உங்கள் மரியாதை." பிறகு தமிழில், அவளுக்கு மட்டுமாக, "தலை போகாது, கதை" என்றேன். அவள் சிரித்தாள். தாயின் கை சட்டையை விட்டது.

உன்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் படிப்பிக்கும்போது, ஒரு பிள்ளை கை உயர்த்தி, நீங்கள் சொல்வது பிழை என்று தொடங்கினால், எங்கே இருந்தாலும் நான் எழுந்துவிடுவேன். அது முடிக்கும் வரைக்கும் நின்றுதான் கேட்பேன். முதுகு வலியா என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஓம் என்று சொல்லிவிடுவேன். நேற்றும் அந்தப் பிள்ளை கதைத்து முடிக்கும் வரைக்கும் நின்றேன்.