கஸ்தூரியை மூன்று முறை அழைத்தீர்கள்

டீச்சர்,

இன்று காலை என் மனைவி அச்சார் போடுவதற்காக வினிகர் பாட்டிலைத் திறந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் பள்ளி இருட்டறைக்குள் போய் நின்றுவிட்டேன். படத்தாளை மருந்தில் முக்கி எடுக்கும் நடுத்தட்டில் எப்போதும் அந்தப் புளித்த வாடைதானே இருக்கும். அறிவியல் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த கறுப்புத் திரையும், சிவப்பு விளக்கும், வியர்த்து வழியும் பிள்ளைகளும் ஒரு நொடி கண்முன் வந்து போனார்கள்.

உங்கள் கருமக்கிரியை முடிந்து வீடு திரும்பியதிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன். முடியவில்லை. அன்று உங்கள் வீட்டுப் பந்தலில் கேட்ட செய்தி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சுங்கைப் பட்டாணியில் அந்த இடைநிலைப்பள்ளிக்கு நாம் மாற்றலாகி வந்தபோது, நிழற்பட மன்றம் என்றால் அலமாரியில் பூட்டிக் கிடந்த சில பழைய கேமராக்கள்தான். நீங்கள் உயிரியல், நான் வரலாறு. இருவருக்கும் படமெடுக்கும் பைத்தியம் என்று தெரிந்ததும் முதல்வர் மன்றத்தை நம் தலையில் கட்டிவிட்டார். இருட்டறை என் பொறுப்பு, வெளியே அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு. மெர்போக்கிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் சனிக்கிழமைகூட விடாமல் வந்தார்கள். எடுத்ததும் கேமராவைக் கண்ணில் வைக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக் கீழே இறக்குவீர்கள். “மொதல்ல கண்ணால பாரு லா. கேமரா எங்கயும் ஓடிப்போகாது.”

உங்கள் மகன் இளங்கோ பதினாறு வயதில் நான்காம் படிவம் வந்ததும் மன்றத்தில் சேர்ந்தான். அவன் முறை எப்போதும் கடைசியில்தான் வரும். கேமரா கைமாறிக் கைமாறி அவனிடம் போகும்போது ரோலில் ஒன்றிரண்டு படங்கள்தான் மிஞ்சியிருக்கும். “பாவம் டீச்சர், அவனும் பிள்ளைதானே” என்று ஒருநாள் சொன்னேன். “டீச்சர் மகன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது சார்” என்றீர்கள். பள்ளிக்குள் அவனும் உங்களை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை இருட்டறையில் வாய்தவறி “அம்மா, இங்க பாருங்க” என்றுவிட்டான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “இங்க யாருப்பா உனக்கு அம்மா?” என்று நீங்களும் சிரித்தீர்கள். அவன் தட்டிலிருந்த படத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து அந்த நீர்வீழ்ச்சி நாள்.

ஜெராய் மலையடிவாரத்துக்குப் பள்ளி பஸ்ஸில் போனோம். வானத்தில் ஒரு மேகமில்லை. பாதிப் பிள்ளைகள் என்னோடு கரைமேட்டில், மரத்தடியில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் ஆற்றுக்குள் பாறைகளில் நின்று படமெடுத்தார்கள். நீங்கள் தண்ணீர் ஓரத்தில் நின்றீர்கள். முறை வரும்வரை காத்திருந்து, இருந்த ஒரே கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு இளங்கோ நடுப்பாறைக்குப் போயிருந்தான். நமக்கு முதுகைக் காட்டி, அருவியைப் பார்த்தபடி, ஒரு கண்ணைக் கேமராவில் பதித்திருந்தான்.

கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்குவதை முதலில் கண்டது நீங்கள்தான். சருகும் சுள்ளியும் மிதந்து வந்ததாம். மேலே மலையில் எங்கோ கொட்டிய மழை ஒரே மூச்சாக இறங்கி வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். உங்கள் குரல் கேட்டு நான் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

“ஃபரிடா! ஏறு! குணா, கேமராவ விட்டுட்டு வா! சியூ லிங்! ஹஃபிஸ்! கஸ்தூரி! கஸ்தூரி! கஸ்தூரி!”

பெயர் கேட்டவர்கள் பாறைக்குப் பாறை தாவிக் கரையேறினார்கள். கஸ்தூரியும் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். சட்டென்று திரும்பியவள், ஆற்றுக்குள்ளேயே திரும்ப ஓடினாள். இளங்கோவின் தோள்பை வாரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். எழுந்தார்கள். நானும் பஸ் டிரைவரும் கையைப் பிடித்து மேலே தூக்கினோம். அப்புறம்தான் அது வந்தது. மண்ணும் மரமுமாக, சுவர் மாதிரி. இளங்கோ நின்ற பாறையைக் காணவில்லை. முக்காலியும் கேமராவும் போன இடம் தெரியவில்லை. ஆற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு பிள்ளைகூட அழவில்லை.

நீங்கள் போய்க் கஸ்தூரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். பிறகு தலைகளை எண்ணினீர்கள். திரும்பி வரும்போது டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தீர்கள்.

அன்று எல்லோரும் பிழைத்தார்கள். அதோடு அது முடிந்துவிட்டது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன், டீச்சர்.

கருமக்கிரியை அன்று சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய இளங்கோ, மொட்டைத் தலையோடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

“சார், ஒன்னு கேக்கணும். அன்னிக்கு ஆத்துல நீங்க அங்கதான இருந்தீங்க.”

“ஆமாப்பா.”

“அம்மா என் பேரக் கூப்பிட்டாங்களா?”

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

“எல்லார் பேரும் கேட்டுச்சாம் சார். ஃபரிடா சொல்லுச்சு, குணா சொன்னான். என் பேர மட்டும் யாரும் கேக்கல. தண்ணிச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன். நெசமாவே கூப்பிடலயா?”

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உங்கள் குரலை மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எல்லாப் பெயரும் இருந்தது. இளங்கோ இல்லை. அங்கே நின்று, காதால் கேட்டும், எனக்கு இது ஒருநாளும் உறைத்ததே இல்லையே!

“எனக்கும் கேட்ட ஞாபகம் இல்லப்பா” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். “எனக்குத் தெரியும் சார். கேமராவுலயும் எனக்குக் கடைசி, உயிருக்கும் கடைசி. கரை ஏறுனதும்கூடக் கஸ்தூரியத்தான கட்டிப்பிடிச்சாங்க. அதனாலதான் ஜொகூர்ல வேல கெடச்சதும் போயிட்டேன். தீபாவளிக்கு வருவேன், மறுநாளே கெளம்பிருவேன். ஏன்டா ஓடறேன்னு அம்மா ஒரு தடவகூடக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல.”

வேலைக்காகத்தான் அவன் தெற்கே போனான் என்று நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நானும் அப்படியே நம்பினேன்.

பாடாங் செராயிலிருந்து வந்திருந்த கஸ்தூரி, பக்கத்து மேசையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கிறது. கோப்பையைக் கையில் வைத்தபடியே வந்து நின்றாள்.

“இளங்கோ, என்னா பேசற நீ? டீச்சர் என் பேர எதுக்கு மூனு தடவ கூப்பிட்டாங்கன்னு நெனச்ச? நான்தான் கரைக்கிட்ட வந்துட்டேனே. திரும்பிப் பாத்தா கைய நீட்டி உன்னெக் காட்டுறாங்க. நீ படம் எடுக்கறப்ப இடி விழுந்தாக்கூடக் கேக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? அதான் பக்கத்துல இருந்த என்னெக் கூப்பிட்டாங்க.”

இளங்கோ அவளையே பார்த்தான்.

“கட்டிப்பிடிச்சாங்களே, அப்ப என் காதுல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எம் புள்ளைய எனக்குக் குடுத்திட்டம்மா.’ அதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ஒடம்பே நடுங்கிட்டு இருந்துச்சு.”

“நீ ஏன் என்கிட்ட இதச் சொல்லல?” என்றான்.

“உனக்குத் தெரியும்னுதான்டா நெனச்சேன். அவங்க உன் அம்மா!”

அவன் அழவில்லை, டீச்சர். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாயை லேசாகத் திறந்தபடி, முன்னால் கிடந்த வாழையிலைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு வார்த்தை” என்றான். சற்றுப் பொறுத்து மறுபடியும், “அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்.” நான் அவன் தோளில் கைவைத்தேன். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

நீட்டிய அந்தக் கை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பிள்ளைகளைச் சீக்கிரம் வாருங்கள் என்று வீசுகிறீர்கள் என்றுதான் அப்போது எண்ணினேன். மற்றவர்கள் பெயரையெல்லாம் சொல்லும்போது உங்கள் முகம் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த உங்கள் பக்கத்திலேயே இருந்தவன் நான். கண்ணெதிரில் நடந்ததை இத்தனை வருடமும் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அவன் மனத்தில் இப்படி ஒன்று கிடந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்த்திருப்பீர்கள். தெரியாது என்றே நம்பப் பார்க்கிறேன். சில ராத்திரிகளில் அந்த நம்பிக்கை நிற்க மாட்டேன் என்கிறது. அவன் தீபாவளிக்கு மறுநாள் பையைத் தூக்கும்போது வாசலில் நின்று நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று யோசிக்கத் தொடங்கினால் எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறேன்.

அன்று அந்தக் கரையில் யாரும் படமெடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. அதனால் உங்கள் கை எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்பதற்குச் சாட்சியாகக் கஸ்தூரியும் நானும்தான் மிச்சம். இளங்கோ ஜொகூரிலிருந்து எனக்கு அடிக்கடி போன் பண்ணுகிறான். வேலை, பிள்ளைகள் என்று ஏதேதோ பேசுவான். வைக்கப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

“சார், அம்மா கைய நீட்டுனத இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொல்கிறேன், டீச்சர். முதலிலிருந்து சொல்கிறேன்.