மதன் வாயில் உன் பேச்சு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், வேறு யாருக்கும் காட்டாதீங்க. அப்பாவுக்கு வேண்டாம். அத்தைக்கு வேண்டவே வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்க. இது எங்க அம்மாவுக்கு எழுதுவது. அம்மா செத்துப்போயிட்டாங்க.

என் தங்க அம்மாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அத்தை சொல்கிற மாதிரி நீ தம்பிக்குள்ளே இருந்தால் இதை எழுதவே தேவையில்லை. மதன் என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான், அவன் காதில் சொன்னால் போதும். நீ அங்கே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பகலில் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மதன் பேசுகிறான் அம்மா.

ஆறு வயது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவன். அவனைத் தூக்கிக்கொண்டு நீ மாதாமாதம் பதுளை கிளினிக்குக்கு பஸ் ஏறினாய். ஓட்டிசம் என்று அங்கே பேச்சுப் பழக்குகிற மிஸ் சொன்னபோது நீ அழவில்லை, "சரி மிஸ், நான் என்னா செய்யணும்?" என்று மட்டும் கேட்டாய். அந்த யாழ்ப்பாணத்து மிஸ் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பயப்பிடாதேங்கோ அம்மா. ஒவ்வொரு நாளும் ஒரே சொல்லை ஒரே மாதிரிச் சொல்லுங்கோ. முதல்ல நீங்கள் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுவான். அது வந்தா நல்லம். பதில் பிறகுதான் வரும்." திரும்பி வரும்போது பஸ்ஸில், "மிஸ் பேசுறதே பாட்டு மாதிரி இருக்கு, அதான் இவன் வாயப் பாக்குறான்" என்று நீ சிரித்தாய்.

மிஸ் சொன்னது மாதிரியே நடந்தது. ஆனால் நீ போன பிறகு நடந்தது.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி நீ போனாய். கருமாதி முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். அத்தை அடுப்படியில் இருந்தார். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து குச்சியை உருட்டிக்கொண்டிருந்த மதன் திடீரென்று, "எழும்பு ராசா, எழும்பு. சட்டையப் போடு. பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி கத்துவான்" என்றான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நீ கிளம்பும்போது சொல்வது, ஒரு எழுத்துக் குறையவில்லை. அதே இழுப்பு. கடைசியில் நீ மூக்கால் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பும் இருந்தது.

அத்தை கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது. "அண்ணி!" என்று கத்தினார். "அண்ணி வந்துட்டாங்க!"

முதலில் எல்லாருக்கும் சந்தோசம்தான். லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். பக்கத்துக் காம்பரா முனியம்மாக்கா மதன் முன்னால் குந்திக்கொண்டு, "அடியே, என் கருவாட்டுச் சட்டிய எங்கடி வச்ச?" என்றார். "எங்கடி வச்ச?" என்றான் மதன். "பாருங்கடி, செத்தும் வாயடிக்கிறா!" என்று சிரித்துச் சிரித்து அழுதார். அப்பா குடித்துவிட்டு வந்த அன்று வாசலிலேயே அவன் "இன்னிக்குமா? இன்னிக்குமா?" என்றான். அப்பா உள்ளே வராமல் இஸ்தோப்பில் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. மதன் முகத்தைப் பார்ப்பதும் இல்லை.

பிறகு ஒரு நாள் அவன் வேறு ஒன்று சொன்னான். "கண்ண மூடு, கண்ண மூடு. ஒடம்பெல்லாம் எரியுதே."

அன்றோடு யாரும் சிரிக்கவில்லை. குளவி கொட்டிய உன்னைப் படங்குச் சாக்கில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவங்க பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா வழியாகத்தான் வந்தார்களாம். மதன் அன்று அங்கேதான் இருந்தான். அப்போது நீ கத்தியதைக் கேட்டிருப்பான். அப்படித்தான் இருக்கும், இல்லையா? நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாது. விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவன் அதைச் சொல்லும்போது நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறேன். மன்னித்துக்கொள். உன் குரலுக்கே நான் பயப்படுகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை நமுனுகுல பக்கத்திலிருந்து பேய் ஓட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தார். அத்தை கெட்டவர் இல்லை அம்மா. நீ பசியோடு அலைகிறாய் என்று தினமும் உனக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார். கோடாங்கி மதனைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

"நீ யாரு?" என்றான் மதன்.

"பேரச் சொல்லு."

"பேரச் சொல்லு."

"போறியா, இல்லியா?"

"போறியா, இல்லியா?"

கோடாங்கி அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களாம்மா? என்னையே எதுத்துக் கேக்குறா. சும்மா போகமாட்டா. வெள்ளிக்கிழம வச்சிக்குவோம்."

எப்படிச் செய்வார் என்பதையும் சொன்னார். உடுக்கை அடிப்பார். மிளகாய் வத்தல் புகை போடுவார். பிரம்பு வைத்திருப்பார். செத்தவள் தன் வாயால் பெயரைச் சொல்லி, தன் வாயால் "போறேன்" என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டார். சொன்ன உடனே உச்சி முடியை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தால் முடிந்தது. "சொல்லாட்டி?" என்று நான் கேட்டேன். "சொல்லாம எங்க போவா" என்றார்.

மதன் எப்படிச் சொல்வான்? கேட்ட கேள்வியைத்தான் அவன் திருப்பிக் கேட்பான். அடிக்க அடிக்க "போறியா? போறியா?" என்று அவரிடமே கேட்பான். கோயில் தப்பு மேளச் சத்தத்துக்கே கையைக் கடித்து ரத்தம் வரவைக்கிறவன் அவன்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, கிளினிக் மிஸ் சொன்னாங்க, திருப்பிச் சொல்லித்தான் பேசப் பழகுவான்னு."

"ஒங்கம்மா ரெண்டு வருசம் தூக்கிட்டு அலைஞ்சா. அப்ப ஒரு வார்த்த வந்துச்சா?"

"இல்ல."

"அவ செத்த பொறகு வருது. அவ பேச்சாவே வருது. நான் என்னான்னு நெனைக்கிறது புள்ள?"

நீ இரண்டு வருசம் சொன்னதெல்லாம் அவனுக்குள்ளே கிடந்து இப்போதுதான் வெளியே வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் பயம்தான்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு, டவுன் கடையிலிருந்து கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். மிஸ் லீவில் ஊருக்குப் போயிருக்கிறாராம், வர இன்னும் ஏழெட்டு நாள், அடுத்த கிழமை ஆகுமாம்.

வேறு வழி தெரியவில்லை. அதனால் செவ்வாய் ராத்திரியிலிருந்து மதனுக்கு நானே பாடம் எடுக்கிறேன், மிஸ் காட்டின மாதிரியே. கேள்வியைச் சின்னக் குரலில் கேட்பது, பதிலைப் பெரிதாக நானே சொல்வது, பிறகு பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுக் காத்திருப்பது. "போறியா?" "போறேன்." முதலில் இரண்டையும் சேர்த்து "போறியாபோறேன்" என்றான். ஒரே வார்த்தை மாதிரி.

இன்று சாயங்காலம் பீலிக்குக் குளிக்கக் கூட்டிப் போனேன். தண்ணீர் விழுவதைப் பார்க்க அவனுக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். பாதி வழியில் கையைப் பிடித்து நிறுத்தி, "போறியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் தண்ணீர்ப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான் அம்மா, என் கண்ணைப் பார்த்தான். "போறேன்" என்றான்.

அது உன் குரல் இல்லை. கொஞ்சம் கட்டைக் குரல், மூக்கடைத்த மாதிரி. மதனுடைய குரல் அதுதான் போலிருக்கிறது. நீ இதைக் கேட்கத்தானே இரண்டு வருசம் பஸ் ஏறினாய்? நான் அவனைக் கட்டிப்பிடித்து, யாருக்கும் கேட்காமல் என் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் பீலியில் சொன்னதைப் புகைக்குள்ளே சொல்வானா? உடுக்கைச் சத்தத்தில் என் கண்ணைப் பார்ப்பானா? இன்னொன்றும் கேட்கணும். நாளைக்கு அவன் "போறேன்" என்று சொல்லி, ஒருவேளை அத்தை சொன்னதுதான் உண்மையாக இருந்தால், நீ போய்விடுவாயா? உன்னை அனுப்புகிற வார்த்தையை நானா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

நீ பதில் சொல்லமாட்டாய். அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன்.

நாளைக்கு அவன் பக்கத்திலேயே இருப்பேன். உன் பெயரை நான் அவன் காதில் சொன்னால் திருப்பிச் சொல்லிவிடுவான். முதல் "போறியா?"வுக்கே அவன் பதில் சொல்லிவிட்டால் சரி. சொல்லாவிட்டால், பிரம்பு அவன் மேல் விழுவதற்கு முன்னால் நான் ஆடுவேன். சாமி வந்து ஆடுகிறவங்களைத் திருவிழாவில் பார்த்திருக்கிறேன், தலைமுடியை அவிழ்த்துவிட்டாலே பாதி நம்பிவிடுவார்கள். அவனை விட்டுவிட்டு அம்மா என் மேல் வந்துவிட்டாள் என்று நினைக்கட்டும். உன் குரல் எனக்கு வராது, அது மதனுக்குத்தான் வரும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். "போறியா?" என்றால் உடனே சொல்லமாட்டேன், சந்தேகப்படுவார்கள். கொஞ்சம் அடி வாங்கிக்கொண்டு, பிறகு சொல்வேன். என் முடியை அறுத்து மரத்தில் அடித்துக்கொள்ளட்டும்.

அவன் மேல் ஒரு அடி விழாது அம்மா. இது சத்தியம். அடுத்த கிழமை மிஸ் வந்ததும், அப்பா விட்டாலும் விடாவிட்டாலும் அவனைப் பதுளைக்குக் கூட்டிப் போவேன். இதுவும் சத்தியம்.

இப்படிக்கு,
மதனின் அக்கா, நாளைக்கு மட்டும் மதனின் அம்மா,

கதவைத் தட்டுகிறார்கள், கோடாங்கியின் குரல் கேட்கிறது. இன்னும் விடியவே இல்லையே. மதன் எழும்பி