பல் மருத்துவரின் கோணல் துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமே. உங்கள் முழங்கால் தேவலையா?

நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடையில் ஒரு சின்ன வேடிக்கை. வாங்க வந்த பல் மருத்துவர் ஹாட்லியிடம், குறி பழகச் சிறிய கைத்துப்பாக்கியும் மலிவான தோட்டாவும் போதும் என்றேன். "அது அணில் சுடுற சாமான்பா" என்று சிரித்து, கரடி வேட்டைக்கான பெரிய துப்பாக்கியை வாங்கிப்போனார். நேற்று திரும்பி வந்து, "இது கோணல்!" என்றார். கடையின் சுடுகளத்தில், அவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அது வெடிக்கவில்லை, ஆனாலும் துப்பாக்கி உதைக்குமென்று பயந்து கண்ணை மூடிக் குழலைத் தரைக்குச் சாய்த்தார். கோணல் துப்பாக்கியில் இல்லை என்று தெரிந்துபோயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "பாடம் நடத்தாதே, வெர்லின். அவருக்கு இன்னும் பெருசா ஒண்ணு வித்துடு. இல்லேன்னா உங்கப்பா இருக்கிற நெப்ராஸ்காவுக்கே திரும்ப பஸ் ஏறு."

விற்றுவிட்டேன். வேலை தப்பியது.

நம் பழைய சிறு துப்பாக்கியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் கிறிஸ்துமஸுக்கு வருவதற்குள் காலி டப்பாக்கள் சேர்த்து வையுங்கள், அவற்றைக் குறிவைத்துச் சேர்ந்து சுடலாம். இங்கே வெடிச்சத்தத்துக்காக எல்லோரும் காதை அடைத்துக்கொண்டிருப்பதால் பேச ஆள் கிடைப்பதில்லை.

கடை திறக்கிறார்கள்.

வெர்லின்