சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் சௌக்கியம். உன் சௌக்கியம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் உன் முகம்தான் டிவியில் சுவர் அகலத்துக்குத் தெரிகிறதே, கன்னம் உப்பியிருக்கிறது, கண்டதையும் வாங்கித் தின்கிறாய் என்று தெரிகிறது, ஆகவே ஆவல் ஒன்றும் பெரிதாக இல்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளுவாள், அதனால்தான் கடிதம்.

அம்மா குளியலறையில் விழுந்து அடிபட்ட கை தேறி வருகிறது, ஆனால் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை, போனைப் பிடித்தால் நழுவுகிறது. தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், அந்த மட்டும் நிம்மதி. சமையலறைக் குழாய் சொட்டியதை நானே வாஷர் மாற்றிச் சரி செய்தேன், அதற்கு யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. இனி, அம்மா போனைப் பிடிக்காமல் டிவியிலேயே உன்னோடு பேச நீ வாங்கி வந்த ரிமோட்டுக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீ அம்மா முகத்தைப் பார்த்ததைவிட அந்த ரிமோட்டின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். பழைய ரிமோட்டையும் புதிய ரிமோட்டையும் சோபாவில் எதிரும் புதிருமாகப் படுக்க வைத்து, சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி நடுவில் குனிந்தே கிடந்தாய். அம்மா இடது கையால் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், நிமிராமலே தின்றாய். மேக்ரோ என்றாய். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது டிவியைப் போடும், ஸ்பீக்கரைப் போடும், சேனலை விட்டு, நீ டிவி மேல் பொருத்திய கேமராப் பெட்டிக்கு மாறும், உன்னைக் கூப்பிடும், எல்லாம் வரிசையாக நடக்கும் என்றாய். அத்தனையும் முடியும்வரை ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்டியே பிடிக்க வேண்டும், யாரும் குறுக்கே போகக்கூடாது என்று ஒரு சட்டம் வேறு. நான் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நிற்கிறேன், உன் தங்கை ஈரத் துணியோடு சுவரோரம் நிற்கிறாள், துரை டிவியில் எழுந்தருளும்வரை வீடே அசையாமல் நிற்கிறது. நானும் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டினவன்தான். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும், அதற்காகப் பயணிகளை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதில்லை.

சரி, அதுவாவது வேலை செய்ததா. நீ ஊர் போய்ச் சேர்ந்து அம்மா முதல் தடவை அழுத்தியபோது ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று அணைந்தது, ஸ்பீக்கர் மட்டும் உறுமிக்கொண்டு எழுந்தது. இருட்டுத் திரைக்குள்ளிருந்து உன் குரல் அசரீரி மாதிரி வருகிறது, அம்மா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். இன்னொரு தரம் அழுத்தினாள். டிவி வந்தது, ஸ்பீக்கர் போனது, நீ மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாய். கடைசியில் தங்கையின் போனில் கூப்பிட்டு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நீ என்னமோ தப்பா அமுக்குறம்மா. அடுத்த தடவை வர்றப்ப நான் பாத்துத் தர்றேன்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மா உன்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள், கை சரியில்லப்பா என்று.

அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நீ பேசும் நேரத்துக்கு வெகு முன்பே டிவியை அணைத்துவிடுவாள். பேச்சுச் சத்தம் இல்லாமல் அவளால் வெங்காயம்கூட நறுக்க முடியாது, அது உனக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவள் பார்க்கிற சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு, அணைந்த டிவிக்கு எதிரே ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது. நீயும் பெருந்தன்மையாக, "பரவால்லையே, பழகிட்டியேம்மா" என்றாய். அதற்கு அவள், "எங்கடா, இன்னும் தகராறுதான். நீ வந்து பாத்தாதான் சரிவரும்" என்றாள். சரியாகத்தானே வேலை செய்கிறது, இவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நீ லீவு இல்லை என்று மறுபடி தள்ளிப்போட்டாய், அவள் மறுபடி தகராறு என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை அந்த ரிமோட்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். நீ வைத்த பொத்தான் டிவி அணைந்திருந்தால் போடுமாம், ஓடிக்கொண்டிருந்தால் அணைக்குமாம். போடுவதற்கு மட்டும் என்று தனிக் கட்டளை ஒன்று இருக்கிறதாம், அதை வைத்திருந்தால் வம்பே இல்லையாம். நீ அணைந்த டிவியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். இந்த வீட்டில் டிவி எப்போதடா அணைந்திருந்தது? இங்கே ஒரு வாரம் கண்ணைத் திறந்து இருந்தவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். தங்கை, "அஞ்சு நிமிஷ வேலைப்பா, நானே மாத்திடுறேன்" என்று உட்கார்ந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, மடங்காத கையாலேயே ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "விடுடி அதை. அது சரியாயிட்டா அவன் எதுக்கு வரணும்?" என்றாள்.

அம்மா ரிமோட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். உன் ரிமோட்டைப் பற்றி எனக்கு எப்போதுமே இளக்காரம்தான், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் பெற்ற மகன் வீட்டுக்கு வர ஒரு பழுது வேண்டியிருக்கிறது என்று உன் அம்மாவை நினைக்க வைத்துவிட்டாயே, அது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பொத்தானை நாங்கள் யாரும் சரி செய்யப்போவதில்லை. நீயும் அங்கிருந்தபடி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துச் சரி செய்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு. லீவு கிடைத்தால் தேதியை முதலில் அம்மாவிடம் சொல், என்னிடம் அல்ல. அவள் தகராறு எங்கே என்று காட்டினால், தெரியாதவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்.

உன் அப்பா