கிளுவை வேலிக்குள் அழுகண்ணி

என் அருமைத் தங்கச்சி பூங்காவனத்துக்கு,

நல்ல செய்தி இருந்தால் முதலில் அதைத்தான் சொல்வேன். இல்லையம்மா. உன் அழுகண்ணி போய்விட்டது.

இந்த மழைக்கு ஊற்றுப் பள்ளம் முழுக்கக் குனிந்து குனிந்து தேடினேன். நாலணா அகலத்தில் சிவப்பாக மண்ணோடு ஒட்டிக் கிடக்குமே, இலையெல்லாம் பசைத்துளியாக, கொசு உட்கார்ந்தால் எழ விடாமல் தின்றுவிடுமே, அதில் ஒன்றுகூட இல்லை.

கீழ்ப் பள்ளத்தில் போர் போட்டதும் அங்கே ஊற்று வற்றியது, செடியும் போனது. ரோட்டோரச் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கினார்கள், அங்கேயும் போனது. நம் நிலத்தில் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிச் சொல்லி அழுவாய். ஆலங்காயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமையானால் பஸ் பிடித்து மலையேறி வருவாய். வந்ததும் அண்ணன் முகத்தைப் பார்ப்பாயா? நேராக ஊற்றுக்குத்தான் ஓடுவாய்.

"இன்னாண்ணா, மறுபடியும் மாட்ட உள்ள வுட்டுட்ட?" என்று சண்டைக்கு வருவாய்.

"மாடு புல்லு துன்னும். உன் புல்லு கொசு துன்னுது. மாட்டுக்கு இன்னாடி தெரியும்?" என்பேன். சிரிக்கவே மாட்டாய்.

கடைசியில் நீயே கிளுவை மரக் கிளைகளைப் போத்தாக வெட்டி ஊற்றைச் சுற்றி வேலி நட்டாய். உடம்பு முடியாமல் இருந்த நேரம். ஒன்று நடுவாய், உட்கார்ந்து மூச்சு வாங்குவாய், மறுபடி நடுவாய். நான் நடுகிறேன் என்றாலும் விடவில்லை. அந்த மழையில் எல்லாப் போத்தும் தழைத்தன. பார்க்கத்தான் நீ இல்லை.

நீ போன பிறகு அந்த வேலிக்குள் ஓர் ஆட்டைக்கூடத் தலை நீட்ட விட்டதில்லை. சாமை அறுத்து முடிந்தால் யார் மாடும் யார் நிலத்திலும் மேயலாம் என்பது நம் ஊர் வழக்கம். அதையும் மீறி ஊற்றை மறித்து வைத்தேன். ஊரில் ஒருவரும் முகம் கோணவில்லை. "நம்ம டீச்சர் வச்ச வேலி" என்று மாட்டைச் சுற்றி ஓட்டிப் போனார்கள்.

போன வாரம் உன்னோடு கல்லூரியில் தாவரவியல் படித்த மலர் வந்தாள். வேலிக்குள் இடுப்பளவு புல், அதற்கு மேலே கிளுவை நிழல். கையால் விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. மாடு மேஞ்சு புல்லு கட்டையா இருந்த வரைக்கும் இதுக்கு வெயில் கெடச்சிது. நாம மறிச்சதும் புல்லு மூடிக்கிச்சு. நெழல்ல இது நிக்காதுங்க."

வேலி நட்டபோது அவளும் உன் கூட இருந்தவள்தானே. "எனக்கும் அப்போ தோணலண்ணா" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று கெட்டவர்களைத்தானே சொல்வார்கள்? பாசத்தில் போட்ட வேலி மேய்ந்தால் அதற்கு என்ன சொல்வது? இதை உனக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். இருந்திருந்தால் நீயே முதலில் கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடித்து உடைந்தும் போயிருப்பாய். நெஞ்சு வலிக்கிறது பூங்கா.

விதை மண்ணுக்குள் உயிரோடு கிடக்கலாம், வெயில் பட்டால் முளைத்தாலும் முளைக்கும் என்கிறாள் மலர். உறுதியாகச் சொல்ல அவளாலும் முடியவில்லை. எப்படியும் வேலியை எடுத்தாக வேண்டும். உன் கைபட்டு இந்த மலையில் உயிரோடு நிற்பது அது ஒன்றுதான்.

"ஒரே ஒரு மரத்தயாவது வுட்டு வைங்க, அவ நெனப்புக்கு" என்று உன் அண்ணி கெஞ்சினாள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இன்று காலையில் போய், எதை விடலாம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதை விட்டாலும் ஊற்றின் மேல் நிழல் விழுகிறது.

நாளைக்கு எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிடுகிறேன். வேறு ஆள் கை வைக்க விட மாட்டேன். மாடுகளையும் நானே ஓட்டிப் போய் உள்ளே விடுகிறேன். நீ நட்டதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டேன், இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த,
மாட்டுக்கார அண்ணன்